கேரம் பழக்கத்தோடு பூல் டேபிளுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேலை முடிந்து நண்பர்களோடு பூல் டேபிளுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குக் கேரம் நன்றாக வரும். அந்தக் கண் இங்கேயும் உதவுகிறது. கட் (பந்தைச் சாய்வாக) அடிக்கவும், குஷனில், அதாவது மேஜையின் ஓரத் தடுப்பில், மோதித் திருப்பவும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேரமில் காய் விழுந்ததும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து, நம் கோட்டில் வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. கியூ என்ற கோலால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி. பந்து விழுந்தால் போதும் என்று ஆடுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். மூலைப் பாக்கெட்டுக்கு நேராக ஒரு பந்து, அதற்கு இரண்டடி பின்னால் வெள்ளை. சுலபமான பந்துதானே என்று வெள்ளையின் மேல்பக்கம் ஓங்கி அடிப்பார்கள். பந்து விழும், வெள்ளையும் பின்னாலேயே உள்ளே போகும். அதே ஷாட்டில் நடுவுக்குச் சற்றுக் கீழே அளவாக அடித்துப் பாருங்கள். பின்சுழற்சி துணியில் உரசிக் குறைந்து, மோதும் நேரத்தில் சுழற்சியே இல்லாமல் போய்ச் சேர்ந்தால், வெள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்னும் கீழே அடித்தால் நம்மை நோக்கித் திரும்பி வரும். தூரம் கூடினால் சுழற்சி வழியிலேயே தீர்ந்துவிடும், அதனால் இன்னும் கீழேயோ இன்னும் வேகமாகவோ அடிக்க வேண்டும். இந்த ஒரு ஷாட்டை மட்டும் தனியாகப் பழகினாலே ஆட்டம் மாறும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோணத்தில் அடிக்கும்போது இரண்டு விஷயங்கள் போதும். சுழற்சியில்லாமல் வழுக்கி வரும் வெள்ளை, அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்குத்தாகப் பிரியும். உருண்டு வரும் வெள்ளை, பந்தில் பாதியளவு மோதினால், தான் வந்த வழியிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். வெள்ளை பாக்கெட்டுக்குள் போனதற்கு அதிர்ஷ்டத்தைத் திட்டுபவர்கள், அடிக்கும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம்.

சைடு ஸ்பின் இன்னொரு மோகம். வெள்ளையின் இடப்பக்கம் அடித்தால் அது குறிவைத்த கோட்டிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் விலகிக் கிளம்பும், மோதும் பந்தையும் லேசாக இழுத்துவிடும். நடுவில் நேராக அடிக்கும் பழக்கம் உறுதியாகும்வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அப்புறம், அடித்த கையோடு தலையைத் தூக்கிப் பார்ப்பதும், கியூவை இறுக்கிப் பிடிப்பதும் யார் சொன்னாலும் போகாத பழக்கங்கள். கியூவின் நுனியான டிப்பில் தேய்க்கும் சாக் கட்டியில் டிப்பை வைத்துத் துளை போடுவதுபோல் திருகாதீர்கள். டிப் முழுவதும் படும்படி மெல்லத் தேய்த்தால் போதும்.

ஒருவர் முழு நிறப் பந்துகளையும் மற்றவர் பட்டை போட்ட பந்துகளையும் போட்டுவிட்டுக் கடைசியில் 8-ஐப் போடும் எயிட் பாலில் தந்திரம் சார்ந்த தவறு ஒன்று உண்டு. கண்ணில் பட்ட சுலபமான பந்துகளையெல்லாம் மளமளவென்று போட்டுவிட்டு, மற்றொரு பந்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கடைசிக்கு விடுவார்கள். அது விழாது. அதற்குள் நம் பந்துகள் போய் மேஜை காலியாகியிருக்கும். எதிராளிக்கு மறிப்பே இல்லை. ஒட்டிய பந்தைப் பிரிக்கும் வேலையை, கையில் சுலபமான பந்துகள் மிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

பிரேக்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியில், எந்த வகைப் பந்து விழுந்ததோ அதுவே உன்னுடையது என்பது பல பார்லர்களில் நடக்கும் வழக்கம். உலக விதிப்படி பிரேக் முடிந்தும் இரண்டு வகையும் இருவருக்கும் பொது. வெள்ளை ஒரு பந்தில் மோதியபின் எதுவும் பாக்கெட்டில் விழாமலும் எந்தப் பந்தும் குஷனைத் தொடாமலும் போனால் ஃபவுல். அதனால் மெல்லத் தட்டிவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. ஃபவுலுக்குத் தண்டனையாக எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து மேஜையில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். தோற்றவர் டேபிள் காசு கட்டுவதாக இருந்தால், இதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். சண்டை மிச்சம்.

பெங்களூர் அடிப்படையில் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஊர். உலகச் சாம்பியன் பங்கஜ் அத்வானி வளர்ந்து, பயிற்சியாளர் அரவிந்த் சவூரிடம் கற்றுத் தேர்ந்த ஊர் இது. அதனால் பார்லரில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி ஸ்னூக்கரிலிருந்து வரும். தாடையைக் கியூவில் ஒட்டிக் குனிவது, பொறுமை, நேரான அடி எல்லாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்னூக்கர் கியூவையே கொண்டுவந்து அடிப்பது சரி வராது. ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் டேபிளில் உள்ள பந்து 57.15 மில்லிமீட்டர், எடையும் கூடுதல். ஸ்னூக்கரின் மெல்லிய டிப்போடு ஓங்கி பிரேக் அடித்தால் கியூதான் பாழாகும்.

இனி பார்ப்பவர்களுக்கு. டிசம்பரில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மோஸ்கோனி கோப்பை 1994-லிருந்து நடக்கிறது. அங்கே ஆடுவது 1 முதல் 9 வரை எண் உள்ள பந்துகளை வைத்து ஆடும் நைன் பால். எண் வரிசைப்படி பந்துகளைப் போட வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். மேஜையில் உள்ள மிகச் சிறிய எண்ணில் வெள்ளை முதலில் மோத வேண்டும், அவ்வளவுதான். முறையாக மோதியபின் 9 எப்போது விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது. பிரேக்குக்கு அடுத்த அடியில் ஒருவர் எந்தப் பந்தையும் தொடாமல் வெள்ளையைச் சும்மா தள்ளிவிட்டால் அது தவறிய ஷாட் அல்ல. முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் புஷ் அவுட் அது. அங்கிருந்து ஆடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்பதை எதிராளி முடிவு செய்வார்.

1999-இல் உலக நைன் பால் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயெஸ் ஆடிய பழைய ஆட்டங்கள் கிடைத்தால் விடாதீர்கள். அவர் குனியும்போது வீடியோவை நிறுத்தி, வெள்ளை எங்கே நிற்கும் என்று நீங்களே ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள்.