குழந்தைகள் தினத்துக்கு ரோஜா கப் கேக், 40 பேர் வகுப்புக்கு

நவம்பர் 14க்கு வகுப்பு முழுவதற்கும் கப் கேக் செய்து கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறீர்களா? என்ன டிசைன், என்ன நிறம் என்று யோசிப்பதெல்லாம் அப்புறம். முதலில் வகுப்பு டீச்சரிடம் இதைக் கேளுங்கள்: பிள்ளைகள் கையில் எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள்? மேலே எந்த ஐசிங் போடலாம் என்பது அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் இதைக் கேட்கவில்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பட்டர்கிரீமில் சிவப்பு ரோஜாவாகப் பிழிந்து, காலை எட்டு மணிக்குப் பள்ளியில் கொண்டு போய் வைத்தேன். கோட்டில் ரோஜா குத்திக்கொண்டு வந்த குட்டி நேருக்கள் எல்லோரும் மேடையேறி இறங்கி, பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து, கடைசி பீரியடில்தான் கொடுத்தார்களாம். சென்னையில் முப்பது டிகிரியைத் தொட்டாலே வெண்ணெய் குழைய ஆரம்பித்துவிடும். ரோஜா சரிந்து காகிதக் கப்புக்கு வெளியே வழிந்து, பாதிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை. அந்தக் கறை துவைத்தாலும் லேசில் போவதில்லை, அந்த அம்மாக்களை நினைத்து எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை.

முதல் பீரியடிலேயே கொடுத்துவிடுவார்கள் என்றால் பட்டர்கிரீம் தாராளமாகப் போடுங்கள். மதியத்துக்கு மேல்தான் என்றால் அதைத் தொடவே வேண்டாம். விப்பிங் கிரீமும் வேண்டாம், ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஆறேழு மணி நேரம் இருந்த கிரீமைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அதற்குப் பதிலாக மேலே மெல்லிய சாக்லேட் கனாஷ் (கொஞ்சம் கிரீமைச் சூடாக்கி நிறைய சாக்லேட்டைக் கரைத்தது), அதன் மேல் முன்கூட்டியே செய்து காயவைத்த சின்ன ஃபாண்டன்ட் (பிசைந்து உருவம் செய்யும் சர்க்கரை மாவு) ரோஜா. நான் இப்போது செய்வது இதைத்தான்.

கேக்குக்கு முட்டை வேண்டாம். வகுப்பில் சாப்பிடாத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களை மட்டும் தனியாக உட்கார வைப்பது நன்றாக இருக்காது. 12 கப் கேக்குக்குக் கணக்கு இது: மைதா 190 கிராம், சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 240 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தயிரையும் சர்க்கரையையும் கரையும் வரை அடித்து, அதில் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து மேலே எழும்பி வரும். அப்புறம் எண்ணெய், எசென்ஸ், உப்பு, கடைசியில் சலித்த மைதா. மாவு தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும், அதற்கு மேல் அடித்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள், எண்ணெய் போட்டால்தான் மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

40 பேருக்கு என்றால் 48 செய்யுங்கள். டீச்சர், ஆயாம்மா, வேன் அண்ணன் எல்லோருக்கும் வேண்டுமே. ஆனால் நான்கு மடங்கு மாவை ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், சோடா தயிரோடு சேர்ந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும், காத்திருக்கும் மாவு எழும்பாது. சலித்த மைதாவை நான்கு டப்பாக்களில் அளந்து வைத்துக்கொண்டு, ஒரு ட்ரே வெளியே வர ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது அடுத்ததைத் தொடங்குங்கள். காகிதக் கப்பில் முக்கால் பாகத்துக்கும் கொஞ்சம் குறைவாக ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓடிஜியில் (சின்ன மின்சார அவனில்) 170 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். சூடு கூடினால் நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி வெடிக்கும், நமக்கு மேல்பக்கம் தட்டையாக வேண்டும். வெந்ததும் ஐந்து நிமிடத்தில் ட்ரேயிலிருந்து எடுத்துவிடுங்கள், உள்ளேயே விட்டால் ஆவியில் காகிதம் ஈரமாகிப் பிரிந்து வந்துவிடும்.

ரோஜாக்களை ஒரு வாரம் முன்பே செய்யலாம். அரை கிலோ சிவப்பு ஃபாண்டன்ட் பாக்கெட் வாங்கினால் மிச்சமே இருக்கும். வெள்ளையை வாங்கிச் சிவப்பு கலக்காதீர்கள், நல்ல சிவப்பு வர அவ்வளவு கலர் கொட்ட வேண்டியிருக்கும், கசக்கவும் செய்யும். சில ஃபாண்டன்டில் ஜெலட்டின் இருக்கும், அதனால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாணி அளவில் ஐந்து உருண்டை உருட்டிக்கொள்ளுங்கள். பால் கவரை வெட்டிக் கழுவித் துடைத்து, அதன் நடுவே உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஒரு பக்க ஓரம் மட்டும் காகிதம் மாதிரி மெலிய வேண்டும், அதுதான் இதழின் விளிம்பு. ஐந்தையும் பாதிப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாக வைத்து, ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, விளிம்பை விரலால் லேசாக வெளியே மடக்கிவிட்டால் ரோஜா விரிந்து நிற்கும். அடியில் நீண்டிருக்கும் பாகத்தை வெட்டிவிடுங்கள். முதல் நாலைந்து முட்டைக்கோஸ் மாதிரிதான் வரும், பத்தாவதில் கை பழகிவிடும். பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், உருண்டை உருட்டுவதை அவர்கள் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

நவம்பர் மழைக்காலம் என்பதால் ஃபாண்டன்ட் சீக்கிரம் காயாது. உருட்டும் முன்பே அரை கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (சாப்பிடக்கூடிய பசைப் பொடி) சேர்த்துப் பிசைந்தால் இறுகி நிற்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் கனாஷ். 175 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழ் வரும் வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 350 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து கலக்குங்கள். வெதுவெதுப்பாக ஆனதும், நன்றாக ஆறிய கேக்கைத் தலைகீழாகப் பிடித்து முக்கி, ஒரு சுழற்று சுழற்றி நிமிர்த்துங்கள். லேசாக இறுகும்போது ரோஜாவை உட்கார வைத்து பச்சை ஃபாண்டன்டில் ஒரு இலையும் ஒட்டினால் முடிந்தது. (ஆசிரியர் தினத்துக்கும் இதே கனாஷ்தான், ரோஜாவுக்குப் பதில் வெள்ளை ஐசிங்கில் 'அ', 'ஆ' எழுதினால் அப்படியே சிலேட்.)

எடுத்துப் போக, 12 குழி அட்டை வைத்த பெட்டியே வாங்கிவிடுங்கள், சாதாரண ஸ்வீட் பாக்ஸில் ஒரு பிரேக்குக்கு எல்லாம் சாய்ந்துவிடும். ஆட்டோவில் மடியில் வைக்காமல் காலடியில் சமமாக வையுங்கள். பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: முட்டை இல்லை, மைதா, பால், தயிர், சாக்லேட் இருக்கிறது என்று. காம்பவுண்ட் பாக்கெட்டில் சோயா, நட்ஸ் பற்றி என்ன போட்டிருக்கிறதோ அதையும் அப்படியே எழுதிவிடுங்கள், அலர்ஜி உள்ள பிள்ளை யார் என்பது டீச்சருக்குத்தான் தெரியும்.