மீன் புடிக்க கயாக் வாங்கறீங்களா? பெடலா துடுப்பான்னு முடிவு பண்றது எப்படி

மேட்டூர்லயோ பவானிசாகர்லயோ பரிசல்ல மீன் புடிக்கறவங்கள சித்த நேரம் நின்னு பாத்தீங்கன்னா பெருவாரி ஜோடியாத்தான் போவாங்க, ஒருத்தர் துடுப்பு போட இன்னொருத்தர் வலை விடுவாங்க, பல தடவை புருசன் பொண்டாட்டியாவே போறதுண்டு. கயாக்குங்கறது நீளமா ஒடுக்கமா இருக்கற சின்னப் படகு, அதுல நீங்க ஒரே ஆளு. படகையும் நீங்கதான் நகத்தோணும், தூண்டிலயும் நீங்கதான் புடிக்கோணும், கை இருக்கறது ரெண்டே ரெண்டு. இந்தக் கஷ்டத்துக்கு பெடல் கயாக் கை குடுக்குமுங்க. காலு படகை ஓட்டும், கை தூண்டிலுக்கு மிச்சம். இதக் கேட்ட ஒடனே அப்ப பெடல்தான் வாங்கோணும்னு நெறைய பேரு முடிவு பண்ணிடறாங்க, வீடியோல பாத்தா அப்படித்தான் தோணும், ஆனா அந்த வீடியோவெல்லாம் அமெரிக்காவுல பெரிய ஏரியில சரிவா சிமெண்டு போட்ட எறங்குதுறையில இருந்து எடுத்தது. நம்ம குளத்துலயும் ஏரியிலயும் ஆத்தோரத்துலயும் எறங்கறவங்களுக்கு பாதிக்கு மேல துடுப்புக் கயாக்தான் ஒத்து வரும்ங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன், கூடவே யாருக்கு பெடல் கட்டாயம் வேணும்னும் சொல்றேன்.

மொதல்ல பாக்க வேண்டியது எடைங்க. தண்ணிக்குள்ள எப்படி ஓடுங்கறத விட தண்ணி வரைக்கும் எப்படிக் கொண்டு போவீங்கன்னு யோசிங்க. 10லருந்து 12 அடி நீளத்துல மேல உக்காந்து ஓட்டற பிளாஸ்டிக் துடுப்புக் கயாக் பொதுவா 25லருந்து 35 கிலோ இருக்கும். அதே நீளத்துல பெடல் கயாக் 40, 50ன்னு போயிரும், சீட்டு, ட்ரைவ் (காலால மிதிச்சு படகை ஓட்டற பொறி) எல்லாம் மாட்டினா இன்னும் மேல கூட போகும், சில ட்ரைவ் மட்டுமே ஏழெட்டு கிலோ வரும். வைகாசி வெயில்ல மேட்டூர் தண்ணி எறங்கி பண்ணவாடியில நந்தி செலை வெளிய தெரியற சமயம் போய்ப் பாருங்க, அணை நெறஞ்சு 120 அடி நிக்கும்போது எங்க தண்ணி இருந்துச்சோ அங்கிருந்து எவ்வளவு தூரம் உள்ள நடக்கோணும்னு. மொதல்ல வெடிச்ச மண்ணு, பொறவு சேறு. கயாக்குக்கு அடியில கட்டற ரெண்டு சக்கர வண்டி வெடிச்ச மண்ணுல போகும், சேத்துல அச்சு வரைக்கும் எறங்கி நின்னுக்கும். 30 கிலோன்னா தோள்ல போட்டுக்கிட்டோ முன்னாடி இருக்கற கைப்புடியப் புடிச்சு இழுத்துக்கிட்டோ ஒருத்தரே போயிரலாம், 50 கிலோன்னா கூட ஒரு ஆளு வேணும், அந்த ஆளு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருவாரான்னு யோசிச்சுக்கோங்க. ஏரிக்கரை மேல இருந்து கல்லு பதிச்ச சரிவுல எறக்கறதும் இதே கதைதான், எறக்கறது கூட சமாளிச்சரலாம், பொழுதோட களைச்சுப்போய் அத மேல ஏத்தறதுதான் உசுரு போகும். கார் மேல ஏத்தறதும் அப்படித்தான். தனியாப் போற ஆளு, கூட்டாளி இல்லைன்னா இந்த எடத்துலயே முடிவு பாதி ஆயிரும்.

பெடல்னு பொதுவாச் சொன்னாலும் அதுல ரெண்டு ஜாதி இருக்குது, இது தெரியாம வாங்கக் கூடாது. ஒண்ணு துடுப்பு மாதிரி ரெண்டு ரெக்கை படகுக்கு அடியில இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வீசும், ஹோபி கம்பெனி 1997ல மிராஜ் ட்ரைவ்னு கொண்டு வந்தது, பெங்குயின் ரெக்கை தண்ணிக்குள்ள அடிக்கறத வெச்சு செஞ்சது. இதுல காலை மாத்தி மாத்தி முன்னால தள்ளோணும், சுத்தற வேலை இல்லை. இன்னொண்ணு ப்ரொப்பெல்லர், சைக்கிள் மாதிரியே சுத்தி மிதிக்கறது, கீழ ஒரு தண்டு எறங்கி அதோட முனையில விசிறி சுத்தும், காலு ஒரு சுத்து சுத்தினா விசிறி பத்து சுத்து கிட்ட சுத்தற மாதிரி கியர் இருக்கும். ப்ரொப்பெல்லர்ல பெரிய சௌகரியம் என்னன்னா பின்னால மிதிச்சா படகு அப்பவே பின்னால போகும். ரெக்கை ட்ரைவ்ல பழைய மாடல்ல மிதிச்சுட்டு இருக்கும்போதே பின்னால போற வசதி கெடையாது, பொறவு வந்ததுலதான் கவுறு இழுத்து திருப்பிக்கற வசதி வந்துச்சு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இத கண்டிப்பா கேட்டுக்கோணும்.

இப்ப நம்ம தண்ணிக்கு வாங்க. விரால் எங்க இருக்கும்? ஆகாயத்தாமரை ஓரம், கோரைப்புல்லு, அல்லிக்கொடி, ஆழமில்லாத சூடான தண்ணி. முழங்கால் ஆழத்துல, சில எடத்துல அதுக்கும் கொறவா. ப்ரொப்பெல்லர் தண்டு படகுக்குக் கீழ ஒண்ணரை அடி கிட்ட தொங்கும், அந்த எடத்துக்கு அதோட போகவே முடியாது, ட்ரைவ மேல தூக்கி வெச்சுட்டு துடுப்புலதான் போகோணும். அங்க போய் துடுப்புதான் போடப் போறீங்கன்னா அந்த 50 கிலோவை எதுக்கு சுமந்துட்டு வந்தீங்க? ரெக்கை ட்ரைவ் கொஞ்சம் பரவால்ல, ஒரு பெடலை முழுசா முன்னால தள்ளிட்டா ரெண்டு ரெக்கையும் படகு அடியோட ஒட்டிக்கும், அரையடித் தண்ணியில கூட மெதந்து போயிரலாம், ஆனா மிதிக்க முடியாது. பாசி சுத்திக்கற தொல்லை ரெண்டுலயும் இருக்குது, ப்ரொப்பெல்லர்ல நெம்ப ஜாஸ்தி. நூல் பாசியும் வேலாம்பாசியும் தண்டுல இறுக்கி சுத்திக்கிட்டா ட்ரைவ மேல எடுத்து கையால பிச்சு எடுக்கோணும், நடு மீன்புடியில இதுக்குன்னே நேரம் போயிரும்.

இன்னொண்ணு சீமைக்கருவேலங்கட்டை. வறண்டு கெடந்த வருசத்துல ஏரிக்குள்ள மொளைச்சு மரமாகி, மழை வந்து தண்ணி ஏறினதும் மூழ்கி நிக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. மீனு அங்கதான் அண்டும், நாமளும் அங்கதான் போவோம். ப்ரொப்பெல்லர் அதுல மோதினா சில ட்ரைவ்ல ஒரு சின்ன பின்னு ஒடையற மாதிரி வெச்சிருப்பாங்க, பின்னு ஒடைஞ்சு கியர் தப்பிச்சுக்கும். அந்தப் பின்னு எப்பவும் ரெண்டு மூணு கையில இருக்கோணும். கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறைக்கா பஞ்சம், கணபதி பக்கம் எந்தப் பட்டறையில குடுத்தாலும் அளவு பாத்து கடைஞ்சு குடுத்துருவாங்க, ஆனா ஒண்ணு, அது ஒடையறதுக்குன்னே செஞ்ச பின்னு, ஒறுதியா இருக்கட்டும்னு கெட்டி இரும்புல கடையச் சொல்லிராதீங்க, அப்பறம் ஒடையறது கியராத்தான் இருக்கும். பழைய பின்னக் குடுத்து அதே மெட்டீரியல்ல கேளுங்க.

சரி, அப்ப பெடல் யாருக்கு? காத்துல மீன் புடிக்கறவங்களுக்குங்க. இத நான் நெம்ப முக்கியமா நெனைக்கறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசி கடைசியில ஆரம்பிச்சு ஆனி ஆடி முழுக்க அடிக்கற மேகாத்து நமக்குன்னே வந்த காத்து, உடுமலை பல்லடம் தாராபுரம் பக்கம் அத்தனை காத்தாடி நட்டிருக்கறதே அதனாலதான். அந்தக் காத்துல துடுப்புக் கயாக்ல திறந்த தண்ணியில நின்னு தூண்டில் போட்டுப் பாருங்க. துடுப்ப மடியில வெச்சுட்டு ராடு (தூண்டில் கம்பு) எடுத்து வீசி ரீல் சுத்தறதுக்குள்ள படகு குறுக்க திரும்பி பதினஞ்சு இருவது அடி தள்ளிப் போயிருக்கும், மறுபடி ராட வெச்சுட்டு துடுப்பு எடுத்து பழைய எடத்துக்கு வரோணும், இப்படியே பொழுது போகும். பெடல்னா மெதுவா மிதிச்சுக்கிட்டே காத்துக்கு எதுத்து ஒரே எடத்துல நிக்கலாம், கையில ராடு அப்படியே இருக்கும். லூர்ங்கற செயற்கை இரைய பின்னால விட்டு இழுத்துட்டே போற ட்ரோலிங்குக்கும் பெடல் மாதிரி வராது, ஒரே வேகம், நிக்காம போகலாம், வாளைக்கு இப்படிப் போறவங்களுக்கு கை ரெண்டும் சும்மா இருக்கறது பெரிய விசயம். பெரிய மீன் மாட்டி கட்டைக்குள்ள ஓடப் பாத்தா, ப்ரொப்பெல்லர்ல ரீல் சுத்திட்டே பின்னால மிதிச்சு மீன வெளிய இழுத்துட்டு வந்தரலாம், துடுப்புல இதச் செய்யறதுக்கு ராட ஒரு கையில புடிச்சு துடுப்ப இன்னொரு கையில போடத் தெரிஞ்சிருக்கோணும், பழகினா வரும், ஆனா லேசு இல்லை. தொடையில இருக்கற பலம் தோள்ல கெடையாது, அதனால தூரம் போறவங்களுக்கும் பெடல் அலுப்பு கம்மி.

பெடல் வாங்கினாலும் துடுப்பு ஒண்ணு படகுல இருந்தே ஆகோணும். பெடல் படகு திரும்பறது பின்னால இருக்கற சுக்கானாலதான், எடது பக்கமோ வலது பக்கமோ ஒரு சின்ன லீவர் இருக்கும், படகு ஓடினாத்தான் சுக்கான் வேலை செய்யும், நின்னுட்டா திருப்பறதுக்கு துடுப்புதான். ட்ரைவ் மக்கர் பண்ணி நடுத் தண்ணியில நின்னா வீட்டுக்கு வர்றதும் அதுலதான்.

துடுப்புக் கயாக் வாங்கறவங்க ரெண்டு விசயத்துல காசு மிச்சம் புடிக்காதீங்க. ஒண்ணு துடுப்பு. மீன்புடி கயாக் அகலமா இருக்கும், 75லருந்து 90 சென்டிமீட்டர் வரைக்கும், சீட்டும் ஒசரம், அதனால 240லருந்து 260 சென்டிமீட்டர் நீளம் வேணும், கடையில கூடவே குடுக்கற குட்டத் துடுப்புல ஒவ்வொரு வீச்சுக்கும் கை படகு ஓரத்துல இடிக்கும், தண்ணியும் மடியில ஒழுகும். எடை கம்மியான துடுப்பா பாருங்க, ஒரு காலையில நூத்துக்கணக்குல தூக்கறது அதைத்தான். துடுப்புல ஒரு கவுறு கட்டி படகோட மாட்டிக்கோங்க. ரெண்டாவது நங்கூரம், ஒண்ணரை ரெண்டு கிலோவுல மடக்கற நங்கூரம் போதும், அத படகோட முன்னுக்கும் பின்னுக்கும் நகத்தற மாதிரி ஓரத்துல ஒரு கவுத்து கப்பி போட்டுக்கிட்டா காத்துல படகு எந்தப் பக்கம் பாத்து நிக்கோணும்னு நீங்களே வெச்சுக்கலாம். பெடல் இல்லாத கொறைய பாதி இதுவே தீத்துரும். ஓடற ஆத்துல மட்டும் நங்கூரத்த நடுப்பக்கத்துல கட்டவே கட்டாதீங்க, தண்ணி வேகத்துல படகு குறுக்க சாஞ்சு கவுந்துரும்.

ஒடம்பையும் பாத்துக்கோங்க. தோள்பட்டை வலி, கழுத்து வலி இருக்கறவங்களுக்கு பெடல் நல்லது. முட்டி வலி இருந்தா ப்ரொப்பெல்லர் மிதிக்கறதுக்கு முட்டி நல்லா மடங்கோணும், அவங்களுக்கு ரெக்கை ட்ரைவ் சுலபம். வாங்கறதுக்கு முன்னால தரையில வெச்சே சீட்டுல உக்காந்து காலு எட்டித் தள்ளினப்பவும் முட்டி லேசா மடங்கி இருக்கற மாதிரி பெடல நகத்த முடியுதான்னு பாருங்க, குட்டையான ஆளுக்கும் நெட்டையான ஆளுக்கும் எல்லா மாடலும் செட் ஆகாது.

வெலை, சுமாரா அதே தரத்துல துடுப்புக் கயாக்க விட பெடல் ரெண்டு மூணு மடங்கு ஆகும், ட்ரைவுக்கு உதிரி சாமான் வெளிநாட்டுல இருந்து வரோணும், வாங்கற எடத்துலயே எது எது கெடைக்கும்னு கேட்டு வெச்சுக்கோங்க. காத்தடிச்சு மடக்கற கயாக் சீப்பா சுளுவா இருக்குதேன்னு கேப்பீங்க, நம்ம கரையில கருவேல முள்ளு கெடக்கற கெடையில நான் அத சொல்ல மாட்டேன்.

எறங்கறதுக்கு முன்னால அனுமதி. அணையிலயும் பெரிய ஏரியிலயும் மீன்புடி உரிமை மீன்வளத்துறை, மீன் வளர்ச்சிக் கழகம், சங்கம், குத்தகைக்காரர்னு யாராவது ஒருத்தர்கிட்ட இருக்கும், அவங்களுக்கு அதுதான் பொழப்பு, கேட்டுட்டுத்தான் தூண்டில் போடோணும். பவானிசாகர் மேல்பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்த ஒட்டினது, ஆனை தண்ணிக்கு வர்ற எடம், முதலையும் இருக்குது, அமராவதியிலயும் முதலை உண்டு, அங்கெல்லாம் கயாக் ஆசை வேண்டாமுங்க. காவேரியில கதவணை இருக்கற எடத்துல ரெண்டு பக்கமும் தள்ளியே இருங்க, ஷட்டர் எப்பத் தெறப்பாங்கன்னு தெரியாது, மேட்டூர்ல உபரித் தண்ணி விடற சமயம் ஆத்துப் பக்கமே போகாதீங்க. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்குப் பின்னால வெச்சுக்கறது கெடையாது, மேல போட்டிருக்கோணும். போறப்ப காத்துக்கு எதுத்துப் போங்க, அலுத்து திரும்பறப்ப காத்தே கரைக்குத் தள்ளும்.

முடிஞ்சா வாங்கறதுக்கு முன்னால ரெண்டையும் யார்கிட்டயாவது இரவல் வாங்கி நீங்க எந்தத் தண்ணியில புடிப்பீங்களோ அதே தண்ணியில, காத்து அடிக்கற நேரமாப் பாத்து ஒருக்கா ஓட்டிருங்க, கார்ல இருந்து எறக்கறதுல ஆரம்பிச்சு திரும்ப ஏத்தற வரைக்கும் எல்லா வேலையும் நீங்களே செஞ்சு பாருங்க. வாங்கினதுக்கப்பறம் எது வாங்கினாலும் நெழல்ல கவுத்து வைங்க, சித்திரை வெயில்ல கார் மேல பெல்ட்ட இறுக்கிக் கட்டி விட்டுட்டுப் போனா பிளாஸ்டிக் சூடாகி அடி அமுங்கிரும், நிறுத்தற எடத்துல பெல்ட்ட சித்த தளத்தி விட்ருங்க. பெடல்னா ஒவ்வொரு தடவையும் ட்ரைவ வெளிய எடுத்து தண்டுல தங்கூசி நரம்பு ஏதாவது சுத்திருக்கான்னு பாத்து எடுத்துட்டு, நல்ல தண்ணியில அலசி காயப் போட்டு வைங்க, அந்த நரம்பு உள்ள போனா தண்ணி போகாம தடுக்கற சீல் வளையத்த அறுத்து கியருக்குள்ள தண்ணி ஏறிரும்.