கோடை விடுமுறை நாடகப் பட்டறை: எங்கே சறுக்குகிறோம்?

ஏப்ரல் முடிவதற்குள் நம் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் கோடைப் பயிற்சி நோட்டீஸ்கள் வந்துவிடும். நாடகப் பட்டறை என்றால் நோட்டீஸில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘நிறைவு நாளில் மாபெரும் நாடகம்’. பாதித் தொல்லை அந்த வரியில்தான் தொடங்குகிறது. மேடையேற்றத்தை முதலில் அறிவித்துவிட்டால், பட்டறையின் ஐந்து நாளும் அதற்கான ஒத்திகையாகவே கழிந்துவிடும்.

முதல் நாளே கையில் வசனத்தாள்

ஒரு குழுவில் 24 பிள்ளைகள், கதையில் பேசுகிற பாத்திரம் 6 என்று வையுங்கள். மீதி 18 பேரும் மரம், கூட்டம், சேவகன். நன்றாக மனப்பாடம் செய்கிறவர் கதாநாயகன்; கூச்சப்படுகிற பிள்ளை, எந்தக் கூச்சம் போகட்டும் என்று வீட்டில் அனுப்பினார்களோ, அதே கூச்சத்தோடு கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

தினம் மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் 15 மணி நேரம் கிடைக்கிறது. முதல் இரண்டு நாள் முழுக்க விளையாட்டு, உடல், குரல். மூன்றாம் நாள் ஆறு ஆறு பேராக நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு சூழலைக் கொடுங்கள்: பஸ்ஸில் சில்லறைத் தகராறு, கல்யாண வீட்டில் காணாமல்போன செருப்பு, தோவாளைப் பூச்சந்தையில் பேரம். பிள்ளைகள் தாங்களாகப் பேசட்டும். நன்றாக விழுந்த வரிகளைப் பயிற்சியாளர் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும், அதுதான் வசனம். நான்காம் நாள் அதைக் கோத்து இறுக்குவது. ஐந்தாம் நாள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிகழ்ச்சி. குழுவுக்கு ஆறேழு நிமிடம் வீதம் அரைமணி நேரத்தில் எல்லாரும் பேசி முடித்திருப்பார்கள்.

வசனத்தின் தமிழைத் திருத்துவது இதனோடு சேர்ந்து வரும் தவறு. வீட்டில் “லேய் மக்கா, எங்க போற?” என்று துள்ளலாகக் கேட்கிற பையனிடம் “நண்பா, எங்கே செல்கிறாய்?” என்று சொல்லச் சொன்னால், கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். ராஜா வேஷத்துக்குச் செந்தமிழ் இருக்கட்டும். மற்றபடி விளவங்கோட்டுப் பிள்ளை விளவங்கோட்டுப் பேச்சையே பேசட்டும், கடற்கரைப் பிள்ளை கடற்கரைப் பேச்சையே பேசட்டும். காட்சி நடுவே நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினால், அன்று முழுக்க அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

“சத்தமா பேசு” என்பது பயிற்சி ஆகாது

சத்தமாகப் பேசச் சொன்னால் பிள்ளைகள் தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள். இரண்டாம் நாளே குரல் கம்மிவிடும். உண்மையில் கேட்காமல் போவது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல். தமிழில் வினை கடைசியில் வருகிறது, மூச்சும் அங்கேதான் தீர்கிறது. “நான் அந்த வீட்டுக்குப் போக...” வரை கேட்கும், போகிறானா, போகமாட்டானா என்பது காற்றோடு போய்விடும். இதற்கு ஒரு வழி: கடைசிச் சொல்லைச் சொல்லும்போது ஓர் அடி முன்னால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளையை அறையின் மறுகோடியில் நிறுத்தி, கடைசிச் சொல் காதில் விழுந்தால் மட்டும் கை தூக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். 12, 13 வயதில் குரல் உடைகிற பையன்களை உச்சஸ்தாயியில் பேச வைக்கவே கூடாது.

இடத்தையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மே மாதப் பிற்பகல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. தகரக் கூரைக் கூடத்தில் மழை விழுந்தால் யார் குரலும் எடுபடாது. வகுப்பும் நிகழ்ச்சியும் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்குள் முடியட்டும். ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொண்டு நடிக்கும் கூத்தும் வேண்டாம். பார்வையாளர்களை மூன்று பக்கமும் பாய் விரித்து நெருக்கமாக உட்கார வைத்தால் மைக்கே தேவைப்படாது. தேவாலயத்தின் பங்குக் கூடத்தைக் கேட்பதற்கு முன் விடுமுறை வேதாகமப் பள்ளி எந்த வாரம், ஊர்க்கோயில் கொடைத் திருவிழா எந்த நாள் என்று விசாரித்துவிடுங்கள்.

விளையாட்டில் வெளியேற்றுவது

‘அவுட்’ ஆகிற விளையாட்டுகளில் முதலில் வெளியேறுவது அநேகமாகக் கூச்சமுள்ள பிள்ளைதான். பிறகு இருபது நிமிடம் சுவரோரம். நாற்காலி விளையாட்டில் நாற்காலியை மட்டும் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு நாற்காலியில் எல்லாரும் எப்படித் தொற்றிக்கொள்வது என்று அவர்களே யோசிப்பார்கள்.

பதின்ம வயதுப் பையன்களையும் பெண்களையும் எடுத்த எடுப்பில் கைகோக்கச் சொன்னால் நெளிவார்கள். தென்னை ஈர்க்கில் போதும். ஒரு முழ ஈர்க்கிலின் இரு முனையையும் இருவர் ஆள்காட்டி விரல் நுனியால் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டும், உட்கார வேண்டும், திரும்ப வேண்டும். அழுத்தினால் வளையும், தளர்த்தினால் விழும். எதிராளியின் அசைவைக் கவனிக்காமல் செய்யவே முடியாது, தொடவும் வேண்டியதில்லை.

8 முதல் 10 வயது ஒரு குழு, 11 முதல் 14 வரை இன்னொன்று. கலந்தால் சின்னவர்கள் பொம்மையாகிவிடுவார்கள், பெரியவர்கள் மேய்ப்பர்களாகிவிடுவார்கள்.

அழ வைப்பது

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. “உன் வாழ்க்கையில் மிகவும் வருத்தமான நாளை நினைத்துக்கொள்” என்பது வளர்ந்த நடிகர்களுக்கான பயிற்சி. பிள்ளைகளிடம் அதை எடுக்காதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. “அப்பா கடலிலிருந்து வரவில்லை, நடித்துக்காட்டு” என்று விவரம் தெரியாமல் சொல்லிவிட்டால், எதிரே நிற்கிற பிள்ளைக்கு அது நடிப்பாக இருக்காது. துக்கம் வேண்டுமென்றால் ஆட்டுக்குட்டி தொலைந்த கதை போதும். ஏதாவது பிள்ளை வீட்டு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், எல்லார் முன்னிலும் கிளறாமல் காட்சியை மாற்றிவிட்டு, பிறகு பொறுப்பான பெரியவர் ஒருவர் மற்றவர்களின் பார்வை படுகிற இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

எந்நேரமும் கூடத்தில் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். யார் கூட்டிப்போக வருவார்கள் என்ற பெயரும் போன் எண்ணும் முதல் நாளே எழுதி வாங்கியிருக்க வேண்டும். போட்டோ போடுவதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

உடையும் ஊர்க்கலையும்

வாடகை உடைக்குச் செலவழிக்காதீர்கள். ஆளுக்கொரு துவர்த்து (துண்டு) போதும்: தலைப்பாகை, கைக்குழந்தை, வலை, ஆறு, குடை எல்லாம் அதுவே. முகத்தில் போஸ்டர் கலர் பூசாதீர்கள், அது தோலுக்கானதல்ல.

வில்லுப்பாட்டை ரெக்கார்டு போட்டு வாயசைக்கும் ‘ஐட்டம்’ ஆக்குவது வீண். அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கதை சொல்ல, மற்றவர்கள் “ஆமா” போட்டு, குறுக்குக் கேள்வி கேட்டு, குடத்தில் தாளம் தட்டினால் நான்கு தனிக் காட்சிகளும் ஒரே நிகழ்ச்சியாகக் கோத்துவிடும். தோல்பாவைக்கூத்தைப் பார்த்து நிழல் காட்சி செய்வோரும் உண்டு. திரைக்கு வெள்ளை வேட்டி சரிதான். பின்னால் டியூப் லைட் வைத்தால் நிழல் மங்கிப் பரவும். ஒற்றை பல்பு வையுங்கள், பாவையை வேட்டியோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு கூர்மையாக விழும்.

நிகழ்ச்சி தொடங்குமுன் பெற்றோரிடம் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள்: இது பட்டறையின் ஒரு பகுதி, நடுவில் வசனம் மாறும், யாராவது சிரித்துவிடுவார்கள், வீடியோ எடுக்க முன்னால் எழுந்து வர வேண்டாம். சிறந்த நடிகர் பரிசு வேண்டவே வேண்டாம். அந்தப் பரிசு உண்டு என்று தெரிந்த நிமிடமே பிள்ளைகள் எதிரே நிற்பவரை விட்டுவிட்டு, பரிசு கொடுப்பவரைப் பார்த்து நடிக்க ஆரம்பிப்பார்கள்.