வீடு மாற்றும் நாளில் சாமான் தூக்க வருபவர்களைக் கவனிப்பது எப்படி? முதன்முறை வீடு மாற்றுவோருக்கு

வீடு மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "தூக்க வர்றவங்களுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கணும்?" தொகையைக் கீழே படி 5-இல் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் நான்கு படிகளை வைத்திருப்பது வேண்டுமென்றேதான். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு பீரோ ஏற்றுகிறவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி, அவர் வருவதற்கு முன்பே அந்த பீரோவைக் காலி செய்து வைப்பதுதான். கடைசியில் கையில் வைக்கும் நோட்டு அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே நான் எழுதுவது சென்னைக் கணக்கு. ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு, குட்டி யானையிலோ (டாடா ஏஸ்), அதைவிடப் பெரிய டாடா 407 வண்டியிலோ, மூன்று நான்கு பேர் வந்து செய்யும் வேலை. மற்ற ஊர்களில் தொகை கொஞ்சம் மாறலாம், முறை மாறாது.

படி 1: பேசும்போதே உண்மையைச் சொல்லுங்கள்

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆளிடமோ, தெருமுனை வண்டி ஸ்டாண்டிலோ பேசும்போது "கொஞ்சம் சாமான்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் "கொஞ்சத்தை" நம்பி இரண்டு பேரை அனுப்புவார்கள். நான்கு பேர் தூக்க வேண்டியதை அந்த இரண்டு பேர் தூக்குவார்கள். முதுகு போவது அவர்களுக்குத்தான், நம்மிடம் தொகை பேசியவருக்கு அல்ல.

இரண்டு வீட்டிலும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, அந்த லிஃப்டில் கட்டில் பலகை நுழையுமா, வண்டி வாசல் வரை வருமா, சந்து முனையிலேயே நின்றுவிடுமா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இரும்பு பீரோ, கிரைண்டர், ஆட்டுக்கல், அம்மி இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை பேர் வருவார்கள்? ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கூலி எல்லாம் சேர்த்த தொகையா? கட்டில், ஏசி கழற்றி மாட்டுவது யார்? டிரைவர் பேட்டா தனியா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்ட மாடிக்கூலிதான் சாயங்காலம் வாசலில் சண்டையாக வரும். அந்தச் சண்டையில் நாள் முழுக்கத் தூக்கியவருக்குக் கிடைக்க வேண்டிய டிப்ஸும் போய்விடும்.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டே பேர் என்றால் இன்னொருவரைக் கேளுங்கள். அவருடைய கூலியை நீங்களே கொடுக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, அது வீண் போகாது.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அசோசியேஷனிடம் லிஃப்ட் அனுமதியும் நேரமும் முன்பே வாங்கிவிடுங்கள். செக்யூரிட்டியோடு பேசி முடியும்வரை அவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது.

படி 2: முந்தைய நாள் செய்ய வேண்டியது

புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் மட்டும் போடுங்கள். பெரிய அட்டைப்பெட்டி நிறைய புத்தகம் அடுக்கினால் அடி கழன்றுவிடும், இல்லையென்றால் தூக்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பெரிய பெட்டிக்குத் தலையணை, துணி, பிளாஸ்டிக் டப்பா சரி. பீரோவைக் காலி செய்து, சாவியை எடுத்துவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டுங்கள். ஃப்ரிட்ஜை முந்தைய இரவே அணைத்து, தண்ணீர் வடித்துத் துடைத்து வையுங்கள். தண்ணீர் சொட்டினால் மாடிப்படியில் வழுக்கும்.

பெட்டியின் மேல் "சமையலறை", "ஹால்" என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் இன்று சென்னையில் இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் பீகார், ஒடிசா பக்கத்துக்காரர்கள். அதனால் அறைக்கு ஒரு எண் கொடுங்கள். பெட்டியில் பெரிதாக 1, 2, 3. புது வீட்டில் அதே எண்ணை ஒரு தாளில் எழுதி அந்தந்த அறைக் கதவில் ஒட்டுங்கள். ஒரே பெட்டியை இரண்டு முறை தூக்க வேண்டிய அவசியம் இருக்காது.

பழைய போர்வை, வேட்டி இரண்டு மூன்றைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். சும்மாடு கட்ட, பீரோவுக்கு அடியில் போட்டு இழுக்க, தரையில் விரிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். நூறு ரூபாய் நோட்டுகளாகச் சில்லறையும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 3: நல்ல நேரத்துக்காக அவர்களை விரட்டாதீர்கள்

நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் நாம் வீடு மாற்றுவதில்லை. அதனால் ஆவணியிலும் தையிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். அதிலும் முகூர்த்த நாளாக, அதிலும் ஞாயிறாகப் பார்க்கிறோம். அந்த நாட்களில் ஒரே குழு ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும். நம் வீட்டுக்கு வருகிறவர் ஏற்கெனவே விடியற்காலையில் ஒரு வீட்டைத் தூக்கிவிட்டு வந்திருக்கலாம். அவரிடம் போய் "ஒன்பதுக்குள்ள முதல் சாமான் உள்ளே போகணும், சீக்கிரம்" என்று கத்தினால் படியில் கால் தவறும்.

இதற்கு எளிய வழி உண்டு. நல்ல நேரத்தில் உள்ளே போக வேண்டியது சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, நிறைகுடம். இவற்றை முந்தைய நாளோ, அன்று அதிகாலையிலோ உங்கள் வண்டியிலேயே எடுத்துப் போய்ப் பாலைக் காய்ச்சிவிடுங்கள். குடி புகுந்தாயிற்று. அதன் பிறகு லாரி எப்போது வந்தாலும் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொன்று. அன்றைக்கு எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. அதையே அவர்களுடைய சாப்பாட்டு நேரமாக வைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் திருப்தி, தூக்குகிறவர்களுக்கும் நிம்மதியான ஓய்வு. ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. மூன்று மணிக்குள் வண்டி புது வீட்டு வாசலுக்கு வருகிற மாதிரி காலையில் சீக்கிரம் ஆரம்பித்தால் போதும். பாதிச் சாமானை வாசலில் இறக்கிவிட்டு "ஆறு மணி வரைக்கும் இருங்க" என்று யாரையும் காக்க வைக்காதீர்கள்.

படி 4: வேலை நடக்கும்போது

வந்ததும் பெயரைக் கேளுங்கள். வயதைப் பார்த்து "அண்ணே", "தம்பி" என்று கூப்பிடுங்கள். சின்னப் பையனாக இருந்தாலும் "வாங்க, வைங்க" என்றே பேசுங்கள். தமிழ் தெரியாதவர் என்பதற்காக ஒருமைக்கு இறங்க வேண்டாம்.

செருப்பு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: சாமான் தூக்குகிறவர் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரட்டும். நம் வழக்கத்துக்காக அவரைக் கழற்றச் சொன்னால், வெறுங்காலில் பீரோவின் கால் விழும். ஹாலில் பழைய போர்வையை விரித்துவிடுங்கள், பூஜை அறைச் சாமானை மட்டும் வீட்டார் தூக்கிக்கொள்ளுங்கள். தரையைச் சாயங்காலம் துடைத்துக்கொள்ளலாம்.

கழிவறையை நீங்களாகவே காட்டிவிடுங்கள். "பாத்ரூம் அங்க இருக்கு, சோப்பும் வெச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் இரண்டு வீட்டிலும் தயாராக இருக்க வேண்டும். பழைய வீட்டில் எல்லாம் கட்டியாயிற்று, புது வீட்டில் இன்னும் எதுவும் பிரிக்கவில்லை, இந்த இடைவெளியில்தான் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் போகும். புது வீட்டில் 20 லிட்டர் கேன் ஒன்றை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வெறும் தண்ணீர் போதாது. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் நல்லது. எதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுங்கள். வாந்திபேதிக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான், வியர்வையில் போன உப்பையும் ஈடுகட்டும்.

டீக்கு பேப்பர் கப் என்றால் வீட்டாருக்கும் அதே பேப்பர் கப். டம்ளர் என்றால் எல்லோருக்கும் அதே டம்ளர். வந்தவர்களுக்கு மட்டும் தனி டம்ளர் எடுத்து வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். புது வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பத்து, பத்தரைக்கு டீயும் வடையும். மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே கேட்டுவிடுங்கள்: சைவமா, அசைவமா, விரதமா, சாப்பாடா, சப்பாத்தியா? பக்கத்து மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு பார்சல் வாங்கினால் போதும். "காசா கொடுத்துடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் ஆளுக்கு 120, 150 ரூபாய் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக் காசு டிப்ஸில் சேராது, அதைக் கழிக்காதீர்கள். சாப்பிட்டபின் ஃபேன் காற்றில் இருபது நிமிடம் உட்காரட்டும். அதற்காகவாவது கடைசி ஃபேனைக் கழற்றாமல் விட்டு வையுங்கள்.

படி 5: டிப்ஸ் எவ்வளவு, எப்போது, யார் கையில்?

நான் வைத்திருக்கும் அளவு இது. லிஃப்ட் இருக்கும் வீடு, அரை நாள் வேலை: ஆளுக்கு 100 முதல் 150 ரூபாய். முழு நாள், அல்லது ஒரு பக்கம் மாடிப்படி: 200. லிஃப்ட் இல்லாத இரண்டாம், மூன்றாம் மாடி, பீரோவும் கிரைண்டரும் உண்டு என்றால் 300, முடிந்தால் அதற்கு மேல். மழையில் நனைந்துகொண்டு வேலை செய்திருந்தால் இன்னொரு நூறு. டிரைவரும் கைகொடுத்துத் தூக்கியிருந்தால் அவருக்கும் அதே தொகை. வண்டி மட்டும் ஓட்டியிருந்தால் 100.

ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ மொத்தமாகக் கொடுத்து "பிரிச்சுக்கோங்க" என்று சொன்னால், கடைசிப் பையனுக்கு என்ன போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஜிபேயில் அனுப்புவதென்றாலும் அவரவர் எண்ணைக் கேட்டு அனுப்புங்கள்.

கட்டிலை மாட்டி, கடைசிப் பெட்டியும் உள்ளே வந்ததும் கொடுங்கள். கம்பெனியோடு பில் தொகையில் பேச்சுவார்த்தை இருந்தால், அது தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்தக் கோபம் இவர்கள் மேல் இறங்கக் கூடாது.

வெளியூர் என்றால் கணக்கு வேறு. சென்னையில் ஏற்றுகிறவர்களே கோயம்புத்தூரில் இறக்குவார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அங்கே வேறு ஆட்கள் வருவார்கள். ஏற்றியவர்களுக்கு இங்கேயே, வண்டி கிளம்பும் முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

பணத்துக்குப் பதில் பாட்டில் வாங்கித் தராதீர்கள். அடுத்த வீட்டுப் படிகள் இன்னும் பாக்கி இருக்கலாம்.

படி 6: ஏதாவது உடைந்தால்

கிளம்பும் முன் டிவி, ஃப்ரிட்ஜ், கண்ணாடிச் சாமான்களை போட்டோ எடுத்து வைத்திருங்கள். உடைந்தால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். தூக்கியவரின் டிப்ஸில் பிடிக்காதீர்கள். அவருடைய கூலியிலேயே பிடித்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு, அதனால் தவறு யாருடையது என்று நிதானமாகப் பாருங்கள். நாம் சரியாகக் கட்டாத பெட்டி என்றால் அப்படியே சொல்லிவிடுவதுதான் நியாயம். யாருக்காவது அடிபட்டால் முதலில் வேலையை நிறுத்துங்கள். பஞ்சு, பிளாஸ்டர், ஆன்டிசெப்டிக் கொண்ட பை பெட்டிக்குள் போகாமல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

படி 7: பழைய சாமான் கொடுப்பதாக இருந்தால்

"வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஓடாத மிக்ஸியையும் கிழிந்த மெத்தையையும் தலையில் கட்டுவது உதவி இல்லை. ஓடுகிற ஃபேன், நல்ல பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் போன்றவை என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கொடுத்ததும் கேட்டில் செக்யூரிட்டியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுத்த பொருளுக்கே அவர் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் பகுதியிலேயே சுமை தூக்கும் அண்ணன்கள் வந்திருந்தால், நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் அது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. தொழிலாளர் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவர் என்றால், அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, சாமான் பிரித்து முடித்த அடுத்த வாரம் கூப்பிட்டு, உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.