அமெரிக்காவுல துப்பாக்கிச் சட்டம் இறுகணுமா? ஸ்டேட் கேபிடல்ல ஆரம்பிங்க

இங்க பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். வாஷிங்டன்ல எப்ப மாறும்னு காத்திருந்தா வருஷக்கணக்கா ஆகும், 1993-ல பிரேடி சட்டமும் (துப்பாக்கி வாங்குறவங்க பின்னணிய சோதிக்கிற சட்டம்) 1994-ல அசால்ட் துப்பாக்கித் தடையும் வந்த பிறகு அடுத்த பெரிய ஃபெடரல் சட்டம் 2022-ல டெக்சஸ் யுவால்டி ஸ்கூல்ல 19 குழந்தைங்களும் 2 டீச்சர்களும் செத்த பிறகுதான் வந்துச்சு. சிட்டி கவுன்சில்கிட்ட போயும் பெருசா பிரயோஜனம் இல்ல, பெரும்பாலான ஸ்டேட்கள்ல ஊருக்கு ஊரு தனியா துப்பாக்கிச் சட்டம் போடவே முடியாது. அதனால நேரா ஸ்டேட் சட்டசபைதான்.

மிச்சிகனைப் பாருங்க. 2021 நவம்பர்ல ஆக்ஸ்ஃபோர்டு ஹைஸ்கூல்ல 4 பசங்க செத்தாங்க, சுட்ட பையனுக்கு 15 வயசு, துப்பாக்கி அப்பா வாங்கினது. அப்பவே மசோதா இருந்தும் நகரல. 2022 எலெக்‌ஷன்ல சட்டசபையில பெரும்பான்மைக் கட்சி மாறி, 2023 பிப்ரவரியில மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியிலயும் சூடு நடந்த பிறகுதான் பேக்ரவுண்ட் செக், துப்பாக்கியப் பூட்டி வைக்கிறது, ரெட் ஃப்ளாக் (ஆபத்தானவர்கிட்ட இருந்து கோர்ட் உத்தரவுல துப்பாக்கிய எடுத்து வைக்கிறது) மூணும் பாஸ் ஆச்சு. ஸ்டேட் எலெக்‌ஷன் எவ்ளோ முக்கியம்னு இதுலயே தெரியுது, ஓட்டு இருக்கிறவங்க தயவுசெஞ்சு அதை விட்டுடாதீங்க.

இப்ப என்ன செய்யணும்னா, ஸ்டேட் சட்டசபை வெப்சைட்ல உங்க அட்ரஸ் போட்டா உங்க ரெப்பும் (கீழ்சபைப் பிரதிநிதி) ஸ்டேட் செனட்டரும் யாருன்னு வரும். அப்புறம் ஒரே ஒரு மசோதாவ எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் கேட்டா ஒண்ணும் நடக்காது. என்னைக் கேட்டா பூட்டி வைக்கிற சட்டம்தான் முதல்ல, ஏன்னா இந்த நாட்டுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை, வீட்டுல பூட்டாம கிடக்கிற துப்பாக்கி ஒரு டீனேஜ் பிள்ளை மனசொடிஞ்சு நிக்கிற அஞ்சு நிமிஷத்துல கைக்கு எட்டிடக்கூடாது.

மசோதா நம்பர், அது எந்த கமிட்டியில தூங்குதுன்னு பாருங்க. நிறைய மசோதா ஹியரிங்கே (மக்கள் கருத்தைக் கேக்கிற கூட்டம்) வராம அங்கதான் சாகும், அதனால உங்க ரெப்புக்கு மட்டுமில்லாம கமிட்டி சேர் (தலைவர்) ஆஃபீஸுக்கும் போன் போடுங்க. எடுக்கிறவர் ஸ்டாஃப்தான், பயப்படாதீங்க, "என் பேர் இது, இந்த ஊர்ல இருக்கேன், ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்குது, இந்த நம்பர் மசோதாவுக்கு ஹியரிங் வைங்க"ன்னு சொன்னாப் போதும், குறிச்சுக்குவாங்க. எச்1பி, கிரீன் கார்டுல இருந்தாலும் தாராளமா பேசலாம், எழுதலாம். ஆனா எச்1பி-ல இருக்கிறவங்க தேர்தலுக்கு நன்கொடை மட்டும் கொடுக்கக்கூடாது, அது சட்டப்படி தப்பு.

ஹியரிங் வந்தா போய்ப் பேசுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷம்தான் கிடைக்கும், அதனால எழுதி வச்சு டைமர் போட்டு வீட்டுல படிச்சுப் பாருங்க. வேட்டைக்காரங்களத் திட்டாதீங்க, துப்பாக்கி வச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் பூட்டணும்னு சொல்ல வந்தா அவரையே முதல்ல பேச விடுங்க, கமிட்டியில அந்தக் குரலுக்கு எடை ஜாஸ்தி.

சட்டம் வந்த பிறகும் வேலை இருக்கு. நிறைய போலீஸ் ஸ்டேஷன்கள்ல துப்பாக்கிப் பூட்டு இலவசமாவே கொடுக்கிறாங்க, அதை உங்க தமிழ்ப் பள்ளி பேரன்ட்ஸ் குரூப்லயும் போடுங்க.