பட்டியலை எங்கே நின்று படிப்பது?

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குப் பட்டியல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கத்தி வைப்பதற்கு முன் எத்தனை மாப் (ரத்தம் ஒற்றும் துணி), எத்தனை ஊசி, எத்தனை கருவி என்று இரண்டு பேராக வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுவோம். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவோம். கணக்கு உதைத்தால், டாக்டர் எவ்வளவு அவசரப்பட்டாலும், தேடிக் கண்டுபிடிக்கும் வரை மூட விடமாட்டோம். இந்தப் பழக்கத்தில் பாதியாவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு பட்டியல் கொடுத்தது. மொத்தமே 19 வரி, ஒரே பக்கம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதை வைத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் முடிவு வெளியானது. அந்த 19 வரியில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் போட்டாச்சா, இவ்வளவுதான். ஆனால் அதை மூன்று இடத்தில் நின்று படிக்கச் சொன்னார்கள்: மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன். அந்த நேரத்தில் யாரும் வேறு வேலை பார்க்கக் கூடாது.

வீட்டுக்கும் இதுதான் முதல் வேலை. பட்டியலை எழுதுமுன் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள். டைரியில் அழகாக எழுதி பீரோவில் வைத்த பட்டியல் யாருக்கும் உதவாது. ஒரு காரியம் செய்தபின் திரும்பி வர முடியாது என்றால், அதற்குச் சற்று முன்தான் நிற்க வேண்டிய இடம். ஊருக்குப் போகும்போது அது வாசல் கதவு. பூட்டி ஆட்டோ ஏறிவிட்டால் மனசு மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பும். அதனால் எங்கள் பட்டியல் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அது இப்படி:

காஸ் ரெகுலேட்டர் மூடியாச்சா
மோட்டார் சுவிட்ச் அணைத்தாச்சா
சாமி விளக்கு குளிர்ந்தாச்சா
கொல்லைக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டாச்சா
ஃபிரிட்ஜிலிருந்து அத்தையின் இன்சுலின் எடுத்தாச்சா
ஆதார், சார்ஜர், வீட்டுச் சாவி கையில் இருக்கா

"பால்காரரிடம் சொல்லணும்", "துணி எடுத்து வைக்கணும்" எல்லாம் இதில் கிடையாது. அவை முதல் நாள் வேலை. கதவடியில் நின்று பால்காரரை நினைத்து என்ன செய்ய? இன்சுலின் மட்டும் கடைசி நிமிடம் வரை ஃபிரிட்ஜில் இருப்பதால் இங்கே வருகிறது. முதல் நாள் இரவே பையில் வைத்துவிட முடியாது; பையில் வைக்காவிட்டால் மறக்கும். இந்த மாதிரிப் பொருளுக்குத்தான் பட்டியல். செருப்பு போடுவதை யாரும் மறப்பதில்லை, அதை எழுத வேண்டாம்.

வரியை எழுதும்போது கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ பதில் சொல்லும்படி எழுதுங்கள். "சமையலறை பார்க்கணும்" என்று எழுதினால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். "ரெகுலேட்டர் மூடியாச்சா" என்றால் குனிந்து திருகைத் தொட்டே ஆகணும். எங்கள் வீட்டில் மகள் வாசிப்பாள், அவள் அப்பா போய்த் தொட்டுவிட்டுப் பதில் சொல்வார். உட்கார்ந்த இடத்திலிருந்து "ஆச்சு ஆச்சு" என்றால் அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள். வாசிப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்று இருப்பது ரொம்ப முக்கியம். தனியாக இருப்பவர்கள் சத்தமாகப் படித்தாலே போதும், கண் வரியைத் தாண்டிப் போகாது.

நான் அதிகம் வற்புறுத்துவது டாக்டரைப் பார்க்கப் போகும்போது வைக்கும் பட்டியலை. அத்தைக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அவர்களுக்கு மூன்று நிறுத்தம் வைத்திருக்கிறோம்.

முதல் நிறுத்தம் கிளம்பும் முன். பழைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை, சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் அட்டையோடு. மருந்துக் கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கிற துண்டு போய்விடுகிறது. பெயரும் காலாவதி தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், கடைசி மாத்திரையை அதிலிருந்து எடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், மூட்டு வலிக்குக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை, இவையும் பட்டியலில் இருக்கணும். பெரியவர்கள் இதையெல்லாம் மருந்தாகவே எண்ணுவதில்லை, கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற தகவல் இதுதான்.

இரண்டாவது நிறுத்தம் டாக்டர் முன் உட்கார்ந்ததும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா, கடைசியாக எப்போது உணவு சாப்பிட்டார்கள். இந்த மூன்றையும் அவர் கேட்கக் காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது நிறுத்தம் நாற்காலியை விட்டு எழும் முன். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்து நிற்பார், நமக்கும் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, உட்காருங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது காலையில் சாப்பாட்டுக்கு முன், இது ராத்திரி, பழைய வெள்ளை மாத்திரையை நிறுத்தணும், சரிதானே டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். அரை நிமிடம் ஆகாது. பழைய மாத்திரையையும் புதியதையும் சேர்த்து விழுங்கிவிட்டு மயங்கி வருகிறவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

மளிகைக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் சுழி போட்டு மஞ்சளில் ஆரம்பித்து எழுதுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒன்று மட்டும்: டப்பாவில் அடி தெரியும்போதே எழுதிவிடுங்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் நூலில் கட்டிய பென்சிலும் போதும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வண்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை வருவதால், அவற்றுக்குத் தாளை விட போன் நினைவூட்டல் நல்லது.

எந்தப் பட்டியலும் ஏழெட்டு வரிக்கு மேல் போனால் இரண்டாக உடையுங்கள். கையால் எழுதுங்கள், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் அத்தை படிக்கிற அளவுக்கு. கீழே தேதி போடுங்கள். மருந்து மாறிய அன்றே புதுத் தாள் எழுதி, பழையதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். இரண்டு தாள் வீட்டில் கிடந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது எதை நீட்டுவது என்று தெரியாது.