ஈஎம் லாக்குக்கு பவர் கன்ட்ரோலர் போர்டு: காம், என்சி, என்ஓ குழப்பம் தீர

கார்டு ரீடர் வைத்த கதவில், லாக்குக்குக் கரன்ட் கொடுத்து நிறுத்துவது பவர் கன்ட்ரோலர் போர்டு. அதில் உள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள் மூன்று: காம் பொது முனை; என்சி சும்மா இருக்கும்போது காமோடு சேர்ந்திருக்கும்; என்ஓ ரிலே இயங்கும்போது மட்டும் சேரும். கதவில் இருப்பது என்ன லாக் என்று முதலில் பாருங்கள். காந்தத்தால் பிடிக்கும் ஈஎம் லாக்குக்குக் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கதவு திறந்துவிடும். கதவின் நிலையில் பதிக்கும் எலக்ட்ரிக் ஸ்டிரைக் பெரும்பாலும் இதற்கு நேரெதிர், கரன்ட் கொடுத்தால்தான் திறக்கும். முன்னதற்கு என்சி, பின்னதற்கு என்ஓ. இனி ஈஎம் லாக் மட்டும்.

280 கிலோ பிடிப்பு வலு உள்ள லாக் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். ரீடரையும் சேர்த்தால்கூட 3 ஆம்பியர் போர்டு தாராளம்.

புகை வருவது ரிலே முனைகளை இணைக்கும் இடத்தில்தான். போர்டில் அச்சிட்டிருக்கும் பெயர்கள் ஒன்றேதான், உள்ளே இருக்கும் இணைப்பு வேறு. சிலவற்றில் ரிலே வெறும் சுவிட்ச். சிலவற்றில் காம் முனையை உள்ளேயே கிரவுண்டில் சேர்த்திருப்பார்கள். அதில் பிளஸ் 12 வோல்ட் முனையிலிருந்து காமுக்கு ஜம்பர் (சின்ன இணைப்பு வயர்) போட்டால் நேரடி ஷார்ட். போர்டோடு வரும் வயரிங் படத்தை நம்பாமல், லாக்கை மாட்டாமல் பவர் கொடுத்து, மல்டிமீட்டரால் இரண்டு இடத்தில் அளவெடுங்கள்.

என்சி-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 12 வோல்ட் காட்டினால், லாக்கின் பிளஸ் என்சி-க்கு, மைனஸ் கிரவுண்டுக்கு.

பிளஸ் 12-க்கும் என்சி-க்கும் இடையே 12 வோல்ட் காட்டினால், லாக்கின் பிளஸ் வயர் போர்டின் பிளஸ் 12 முனைக்கு, மைனஸ் என்சி-க்கு.

இரண்டிலும் எதுவும் இல்லையென்றால் மட்டுமே ஜம்பர்: பிளஸ் 12-லிருந்து காமுக்கு. லாக்கின் பிளஸ் என்சி-யில், மைனஸ் கிரவுண்டில்.

எக்ஸிட் பட்டனை போர்டில் 'புஷ்', 'கிரவுண்ட்' என்று இருக்கும் முனைகளுக்கு நடுவே கொடுங்கள். ரீடரின் ரிலேயில் உள்ள காம், என்ஓ இரண்டையும் அதே இரு முனைகளில் பேரலலாகக் கொடுக்கலாம். புஷ் முனைக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் போகவே கூடாது. கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை போர்டிலுள்ள சின்ன பிரீசெட்டை (ஸ்குரூடிரைவரால் திருகும் குமிழ்) திருகி வையுங்கள். ஐந்து நொடி போதும்.

கதவு திறக்கும்போதெல்லாம் ரீடர் ரீசெட் ஆகிறதா? லாக்கின் கம்பிச்சுருள் திருப்பி அடிக்கும் வோல்டேஜ்தான் காரணம். 1என்4007 டயோடு ஒன்றை லாக் முனைகளின் குறுக்கே, லாக் பக்கத்திலேயே போடுங்கள். வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் அதுவும் ஷார்ட்தான். டயோடு போட்டதும் லாக் விடுவது ஒரு துளி தாமதமாகும், பயப்பட வேண்டாம்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதமிருக்கும் கேட்6 நெட்வொர்க் கேபிளில் ஒரே ஜோடியை 30 மீட்டர் இழுத்தால் போய்வரும் ரெசிஸ்டன்ஸ் சுமார் 4 முதல் 5 ஓம். லாக்குக்குச் சேர்வது சுமார் 10 வோல்ட்தான், பிடிப்பு வலு குறைந்துவிடும். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே தூரத்துக்கு அரை வோல்ட்தான் இழப்பு. கதவை மூடி, லாக் முனையிலேயே அளந்து பாருங்கள்.

பேட்டரி முனைகள் உள்ள போர்டாகவே வாங்குங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒரு லாக்கையும் ரீடரையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சாதாரண அடாப்டரின் குறுக்கே பேட்டரியைக் கட்டிவிடாதீர்கள். சார்ஜைக் கட்டுப்படுத்த அதில் எதுவும் கிடையாது.

தீ எச்சரிக்கை இணைப்பைப் பலரும் புஷ் முனையில் கொடுத்துவிடுகிறார்கள். ரிலே ஒட்டிக்கொண்டாலோ டைமர் முடிந்தாலோ கதவு பூட்டியபடியே நிற்கும். ஃபயர் பேனலின் என்சி தொடர்பை லாக்குக்குப் போகும் பிளஸ் வயரிலேயே தொடராகப் போடுங்கள். கண்ணாடி உடைக்கும் அவசர சுவிட்சும் அதே வயரில்தான்.